எட்டாவது பெயர்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் கூடுகிறது, கலைகிறது. மழை இல்லை. சீசன் நேரம், பட்டாசுக் கம்பெனிகளுக்கு இதுதான் வேண்டும். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிச்சல்.

பணி நிறைவு விழாவில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டது இன்று ஏனோ நினைவுக்கு வந்தது. "டீச்சர், இனிமே பொழுத எப்படிப் போக்கப் போறீக?" பாட்டுக் கேட்பேன் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கீர்த்தனை என்று நினைத்திருப்பார்கள். நான் நினைத்தது ஓலைவெடியை.

ஓலைவெடி, சிவகாசி அச்சாபீஸ்காரர்கள் மூன்று பேரின் பங்க் குழு. மிஷின் ஓடாத ஞாயிறுகளில் பேப்பர் குடோனில் வாசித்துப் பழகியவர்கள். கிட்டாரில் மூன்றே பிடி, மீதி கத்தல். முதல் கேசட் 'முதல் லோடு'. அதன் அட்டை, வெடி லேபிள் அச்சில் கழிந்த தாளின் பின்பக்கம். பிளஸ் ஒன் படித்த செல்வகுமார் டெஸ்க்குக்கு அடியில் வைத்திருந்ததைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று போட்டேன். ஒரு வாரம் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது.

இன்று ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் பாடகர் ஸ்டீபன்: 21, ஞாயிறு, விருதுநகர் கல்யாண மண்டபம். கடைசி மேடையாக இருக்கலாம். 'பேர்ப் பாட்டு' கேசட்டில் உள்ளபடியா, சிடியில் உள்ளபடியா? நீங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லுங்க.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் குழு இரண்டாகிவிட்டது.

செய்ய வேண்டியவை: சர்க்கரை மாத்திரை. சிலிண்டர் பதிவு. சர்ச் ஓய்வுநாள் பள்ளிக்குக் கேள்வித்தாள்.

செப்டம்பர் 11, வியாழன்

சாயங்காலம் குழுவிலிருந்து செல்வகுமாரும் ஜெனிபரும் வந்தார்கள், நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். செல்வகுமார் இப்போது ஆப்செட் மிஷின் ஓட்டுகிறான். தலை நரைத்துவிட்டது. இன்னும் என் முன்னால் உட்கார மாட்டான். ஜெனிபர் நர்ஸ், முப்பது வயதிருக்கும். டியூட்டி முடிந்து யூனிபாரத்தோடு.

சண்டை இதுதான். பேர்ப் பாட்டு ஒரு பட்டாசுக் கம்பெனித் தீயில் போன பதினோரு பெண்களின் பெயர்கள். கேசட்டில் நாற்பது வினாடி, பதினோரு பெயரும் ஒரே கத்தல். பதினைந்து வருடம் கழித்து வந்த சிடி 'ஞாயிறு லீவு'. அதில் அதே பாட்டு ஏழு நிமிடம், கால்பெடல் ஆர்மோனியத்தோடு, ஒரு மூச்சுக்கு ஒரு பெயர். எட்டாவது இடத்தில் மட்டும் பெயர் இல்லை. டிரம்மில் ஒரு அடி. பிறகு வெறுமை.

"பேருன்னா கத்தணும் டீச்சர். செத்தவுக பேரக் காதுல கிசுகிசுக்கவா செய்வாக?"

"அண்ணே, உங்க கேசட்டுல ஒரு பேராவது புரியுதா? கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்ற மாதிரி இருக்கு."

"சிஸ்டர், உங்க சிடிய ஆபரேசன் தியேட்டர்ல போடுங்க. மயக்க ஊசி மிச்சம்."

"உங்க கேசட்டப் போட்டா பி.பி. மிஷினே தெறிச்சிரும்."

பிறகு எட்டாவது இடத்துக்கு வந்தார்கள்.

ஜெனிபர்: "அங்கன பேரச் சொல்லாம விட்டாரு பாருங்க, அதுதான் டீச்சர் பாட்டே. எல்லாத்தையும் சொல்லிற முடியாதுல்ல."

"மண்ணு. வயசாயிருச்சு, மறந்துட்டாரு. எட்டாவது பேச்சியம்மாள். நான் வேணா எழுதி நீட்டுறேன்."

என் முறை. குக்கரைச் சொன்னேன். விசில் அடிக்கும்போது உள்ளே வேகிறது என்று தெருவுக்கே தெரியும். விசில் அடங்கிய பிறகும் உள்ளே ஆவி இருக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் முகத்தில் அடிப்பது அதுதான். குக்கர் ஒன்றே. இரண்டு பேரும் உதாரணத்தைத் தங்கள் கட்சிக்கு எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள்.

சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. பேச்சியம்மாள் சாகவில்லை. ஆமத்தூரில் இருக்கிறாள். போன மாதம் பஸ்ஸில் எனக்கு இடம் போட்டுக் கொடுத்தாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

புழுக்கம் அப்படியே. மூன்று தடவை காபி. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

பேச்சிக்கு அப்போது பத்தொன்பது வயது, கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தங்கை குருவம்மாள் ஒன்பதாம் வகுப்பு, என் வகுப்பு. பேச்சிக்கு அம்மை போட்டது. அம்மை என்று வெளியில் சொல்ல மாட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகினால் தெரிந்துவிடும் என்று அதைக்கூடச் செருகவில்லை. சீசனில் நாலு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். சின்னவள் அக்கா தாவணியைக் கட்டிக்கொண்டு அக்கா பெயரில் போனாள். "பேச்சியம்மாள்" என்று கூப்பிட்டபோது "இருக்கேன்" என்று சொன்னாள். மூன்றாம் நாள் தீ.

ஆஸ்பத்திரி கேட்டில் ஒட்டிய தாள் கம்பெனி வருகைப் பதிவைப் பார்த்து எழுதியது. எட்டாவது வரி, பேச்சியம்மாள். ஸ்டீபன் பெயர்களை எடுத்தது அங்கேதான். போலீஸ் காகிதத்தில் பிறகு என்ன எழுதினார்கள், எனக்குத் தெரியாது.

மறுவாரம் அவர்கள் அப்பா பள்ளிக்கு வந்தார். "டீச்சர், பிள்ளைய நாந்தான் அனுப்புனேன். வெளிய தெரிஞ்சா கேசாயிரும். படிப்ப நிறுத்திட்டான்னு எழுதிருங்க." எழுதினேன். என் கையெழுத்து.

அதற்கு முன் மூன்று நாளும் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று போட்டவளும் நான்தான். ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. சீசனில் பாதி வகுப்பு அப்படித்தான் இருக்கும்.

சிடி வந்து அந்த வெறுமையைக் கேட்டதும் எனக்குப் புரிந்தது. பேச்சி உயிரோடு இருப்பதை ஸ்டீபனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். செத்தது யார் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். பதினோரு வருடமாக அந்த வெறுமையைக் கலை என்றும் மறதி என்றும் பேசுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து அப்படியே ஆமத்தூர் பஸ். பேச்சிக்கு லீவு. துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா? இம்புட்டு வெயில்ல ஏன் வந்தீக?"

கச்சேரியைச் சொன்னேன். சிரித்தாள். "அந்தப் பாட்டா? லோடு ஆட்டோக்காரன் போட்டுட்டே போவான். நாங்க பெட்டி ஒட்டிக்கிட்டு இருப்போம். 'ஏ பேச்சி, இன்னைக்கும் உன்னயக் கொன்னுட்டாகடி'ம்பாளுக."

துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள்.

"என்னயக் கொன்னா கொல்லட்டும் டீச்சர். அவ பேரு எங்கனயும் இல்லயே. ரேசன் கார்டுல எடுத்தாச்சு. ஒரு போட்டோ கிடையாது. பதினோரு பேரக் கத்துறாக, அதுலயும் அவ இல்ல."

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம் டீச்சர். அய்யா போயிட்டாரு. அம்மா இன்னும் இருக்காகல்ல. புருசன் பிள்ளையத் தீயில அனுப்புனான்னு ஊரு பேசுறத அவுக கேக்கணுமா?"

வற்புறுத்தவில்லை. முருங்கைக்காய் ஒரு கட்டு கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தூறல். ஓட்டில் கேசட் முன்னால். நான் போடவில்லை. குழுவில் எழுதினேன், அழித்தேன். நாலு தடவை.

குழுவில் ஒருவர்: "சிடி வந்ததோட ஓலைவெடி நமுத்துப்போச்சு." இன்னொருவர்: "கத்துறதுக்கு எவனும் போதும்லே, அடங்குறதுக்குத்தான் ஆளு வேணும்." இரண்டும் சரியாகத்தான் படுகிறது. இரண்டும் எரிச்சல்.

பி.ப. மூன்று மணிக்கு செல்வகுமார் ஒரு படம் அனுப்பினான். ஓய்வு நேரத்தில் அவனே அச்சடித்த சுவரொட்டி. கறுப்புக் கரை, நடுவில் பதினோரு பெயர்கள், கீழே கச்சேரி விவரம். கேசட்டில் உள்ள அதே வரிசை. சிவகாசி ரோடு முழுக்க நேற்றே ஒட்டியாயிற்றாம்.

"ஆமத்தூர்லயுமா?"

"அங்கன ரெண்டு டீச்சர். பஸ் ஸ்டாப்புல, பளிச்சுன்னு."



செப்டம்பர் 17, புதன்

ஏழு மணிக்கே பேச்சியின் போன்.

"டீச்சர், பஸ் ஸ்டாப்புல எனக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்காக. நேத்து கம்பெனி வேன் ஏறும்போது ஒருத்தி கேக்குறா, 'பேச்சி, மாலை வாங்கவா, வெத்தல பாக்கு போதுமா'ன்னு." சிரிப்பு.

"அம்மா பாத்துட்டாக டீச்சர். பால் வாங்கப் போனவுக. எழுத்துக் கூட்டி வாசிச்சிருக்காக. வீட்டுக்கு வந்து என்னயத் தொட்டுப் பாத்தாக. பெறகு கேக்குறாக, 'சின்னவ பேர ஏன் போடல?'"

"நீ என்ன சொன்ன?"

"போட்டா அய்யாவப் பேசுவாகளேம்மான்னேன். 'பேசட்டும். அவரும் அத நெனச்சு நெனச்சுத்தான போனாரு'ன்னுட்டாக. சொல்லிருங்க டீச்சர்."

செல்வகுமாரை வரச் சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னேன். என் முன்னால் முதல் தடவையாக உட்கார்ந்தான்.

"குருவம்மாவா? நான் பத்தாப்பு படிக்கையில ஒன்பதாப்புல இருந்த பிள்ளையா? பிரேயர்ல உறுதிமொழி சொல்லுமே." "உசுரோட இருக்கிறவள இத்தன வருசமா சாவடிச்சிருக்கேன்." பிறகு நிமிர்ந்து, "நீங்க ஏன் டீச்சர் சொல்லல?"

கோபமாகக் கேட்கவில்லை.

உடனே பிரஸ்ஸுக்குப் போய் 'குருவம்மாள்' என்று ஒட்டுச்சீட்டு அடித்துவிட்டான். எட்டாவது வரிக்கு மேல் ஒட்ட. ஜெனிபர் ஸ்கூட்டி ஓட்ட, இவன் பின்னால் பசை வாளியோடு. "நேரா ஒட்டுங்கண்ணே." "பிரஸ்காரனுக்கே சொல்லித் தாறீகளா சிஸ்டர்?" என்று தெருமுனை வரை கேட்டது.

ஸ்டீபனுக்கு போன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எப்படிப் பாடணும்னு அவுககிட்டயே கேளுங்க டீச்சர். ஓட்டெல்லாம் வேணாம்."

செப்டம்பர் 20, சனி

வேலை முடிந்து பேச்சி என் வீட்டுக்கு வந்தாள், விரலில் பசை காயாமல். ஜெனிபர் தன் போனில் இரண்டையும் போட்டுக் காட்டினாள். சிடியில் உள்ளதைத்தான் பேச்சி கேட்பாள் என்று ஜெனிபருக்கு உறுதி. எனக்கும்.

பேச்சி ஏழு நிமிடமும் கேட்டாள். நாற்பது வினாடியும் கேட்டாள்.

"வேகமாவே பாடச் சொல்லுங்க."

"ஏன்க்கா?" ஜெனிபர்.

"நிறுத்தி நிறுத்திப் போனா, எட்டு வர்றதுக்குள்ள நான் எந்திரிச்சுப் போயிருவேன்மா. மெதுவாப் பாடுறது, கேட்டுட்டு வீட்டுக்குப் போறவுகளுக்கு நல்லாயிருக்கும்."

ஜெனிபர் போனை அணைத்தாள். என் குக்கர் உதாரணம் எனக்கே அசட்டுத்தனமாகத் தோன்றியது.

செப்டம்பர் 21, ஞாயிறு

கச்சேரி ஐந்து மணிக்கு. மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் பேச்சியும் அம்மாவும். அம்மா காதில் பஞ்சு, ஜெனிபர் வைத்தது. ஸ்டீபன் தாடி முழுக்க வெள்ளை. ஒரு வார்த்தை விளக்கம் சொன்னார், "எட்டாவது பேர நாங்க தப்பாக் கத்திட்டோம். இன்னைக்குச் சரி பண்றோம்." சரியாகக் காதில் விழுந்தது எத்தனை பேருக்கோ.

ஆரம்பித்தது. நாற்காலிகள் எல்லாம் காலி, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, மண்டபமே கத்தியது. எட்டு. மேடையில் ஸ்டீபன் "குருவம்மாள்" என்றார். உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஏனென்றால் மண்டபம் முழுக்க "பேச்சியம்மாள்!" பழக்கம். ஒட்டுச்சீட்டு அடித்த செல்வகுமாரும் பேச்சியம்மாள் என்றான். நானும்தான். வாயை மூடிக்கொண்டேன், பெயர் வெளியே வந்த பிறகு.

பேச்சி நாற்காலி மேல் ஏறிவிட்டாள்.

"ஏலே, நான் இங்கன இருக்கேன்லே! அவ பேரச் சொல்லுங்கலே!"

பாட்டு நின்றது. யாரோ "எந்தப் பேச்சி?" என்றார்கள். "இந்தப் பேச்சிதான். என் தங்கச்சி குருவம்மா." அந்தப் பெயர் அந்த மண்டபத்தில் முதலில் கேட்டது அப்போதுதான்.

ஸ்டீபன், "முதல்ல இருந்து" என்றார். இரண்டாம் தடவையும் சில வாய்கள் தவறின. செல்வகுமார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். மூன்றாம் தடவை சரியாக விழுந்தது. ஒரே கத்தல். ஜன்னல் அதிர்ந்தது.

அம்மா பஞ்சை எடுத்துவிட்டு, "சொல்லிட்டாகளா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டாகம்மா."

"எனக்குக் கேக்கலயே. இன்னொருக்காச் சொல்லச் சொல்லு."

நான்காம் தடவையும் பாடினார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

நல்ல மழை. தொண்டை கட்டிவிட்டது. வெந்நீரில் உப்பு.

குழுவில் மறுபடியும் சண்டை. மூன்றாவது தடவைதான் ஓலைவெடியின் உச்சம் என்று செல்வகுமார். இல்லை, தப்பாகப் போன முதல் தடவைதான் என்று ஜெனிபர். நடக்கட்டும்.

என் கவலை வேறு. இந்த ஜில்லாவில் எத்தனை வீட்டுப் பரணில் அந்தக் கேசட் இருக்கிறதோ. ஒவ்வொன்றிலும் எட்டாவது இடத்தில் இன்னும் பேச்சியம்மாள்தான். அச்சில் என்றால் மேலே சீட்டு ஒட்டலாம். நாடாவில் ஒட்ட முடியாது.

இந்த நோட்டு யார் கைக்குப் போனாலும் சரி, அந்தக் கேசட் கிடைத்தால் போடுங்கள். விரல் விட்டு எண்ணுங்கள். எட்டாவது பெயர் வரும்போது, அதைவிடச் சத்தமாக, குருவம்மாள் என்று சொல்லிப் பாருங்கள்.