சேற்றுப் பள்ளத்தில் அம்மா நிற்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் சௌக்கியமாக இருப்பது போன வாரம் நீ அனுப்பிய போட்டோவிலேயே தெரிந்துவிட்டது, பேரனுக்குக் கன்னம் உப்பியிருக்கிறது. ஆனால் அந்தப் போட்டோவில் அவன் டிவியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கண்ணாடிக் கடைக்காரன் எதைப் பார்த்தாலும் கண்ணைத்தான் பார்ப்பான் என்று சிரிக்காதே, ஒரு தடவை கண்ணைப் பரிசோதித்துவிடு. தம்பி புது ஆபீசில் சேர்ந்துவிட்டான், சாப்பாட்டு நேரத்தைத் தவிர மற்ற நேரத்தில் வீட்டுப் பக்கம் தலை காட்டுவதில்லை. குளியலறைக் குழாய் ஒழுகலும் ஒருவழியாக நின்றது, பிளம்பர் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார், கடைசியில் உன் அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததும் உடனே சரியாகிவிட்டது.

இனி சொல்லவந்ததைச் சொல்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒன்று ஆரம்பித்தால் உன் அம்மா பின்னாலிருந்து திருத்திக்கொண்டே இருப்பாள், இந்த ஒரு விஷயத்தையாவது நானே முழுசாகச் சொல்லவேண்டும் என்று ஆசை. அதனால் கடையில் கூட்டமில்லாத மத்தியானமாகப் பார்த்து, லென்ஸ் தேய்க்கும் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அம்மா ஆஸ்பத்திரி லேபில் காலையெல்லாம் நோயாளிகளுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு, சாயங்காலம் எதிரிலிருக்கும் மருந்துக்கடைக்காரம்மாவோடு மைதானத்தைச் சுற்றுவது உனக்குத் தெரியும். முதலில் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள், பிறகு என்னிடம்கூட மூச்சுவிடாமல் தேர்வுப் போட்டிக்குப் போய்விட்டு வந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான சர்வதேச கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு நம் நாட்டிலிருந்து போன நாலு பேரில் இரண்டு பேர் இவர்கள்தான். மற்ற இருவரில் ஒருவர் டிராயிங் டீச்சர், இன்னொருவர் பஸ் கண்டக்டர். நான் பெட்டி தூக்க என்று கூடப் போனேன்.

கிராஸ் கன்ட்ரி என்றால் தடம் போட்ட மைதானத்தில் ஓடுவது இல்லையாம், புல்லோ சேறோ மேடோ பள்ளமோ எது வந்தாலும் அதன்மேல் ஓடவேண்டுமாம். இதில் அணிக்குத் தனிக் கணக்கு உண்டு. நாலு பேர் ஓடினாலும் முதலில் வந்து சேரும் மூன்று பேருடைய இடங்களைத்தான் கூட்டுவார்கள், கூட்டல் எந்த அணிக்குக் குறைவோ அதற்குத்தான் பரிசு. நாலாவது ஆள் கணக்கில் வரமாட்டார். நம் அணியில் நாலாவது ஆள் உன் அம்மா. நான் ஸ்டெப்னி டயர் மாதிரி, வண்டியில கிடப்பேன், தேவைப்படாது என்று ஏர்போர்ட்டில் வைத்தே சொல்லிச் சிரித்தாள். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

போட்டி நடந்தது ஒரு பழைய குதிரைப் பந்தய மைதானத்தில். முந்தின நாள் பெய்த மழையில் அதன் கோடிப் பள்ளம் முழுக்கச் சேறு, கணுக்கால் வரை உள்ளே போகிறது, அதைத் தாண்டினால் உடனே செங்குத்தாக ஒரு மேடு. அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் கயிற்றோரமாக நில்லுங்கள், எல்லாரும் அங்கே மெதுவாகத்தான் வருவோம், உங்கள் கண்ணுக்கு நான் தெரிவேன் என்று அம்மா சொல்லியிருந்ததால் அங்கேயே குடையும் கையுமாக நின்றேன். முதல் சுற்றில் டீச்சரும் கண்டக்டரும் முன்னால் போனார்கள், கொஞ்சம் இடைவெளிவிட்டு மருந்துக்கடைக்காரம்மா, அவருக்குப் பின்னால் உன் அம்மா. என்னைப் பார்த்துக் கைகூட ஆட்டினாள். கடைசிச் சுற்றான இரண்டாவதில்தான் அது நடந்தது. பள்ளத்தின் நடுவில் மருந்துக்கடைக்காரம்மாவின் கால் மடங்கியது, அப்படியே முகம் குப்புறச் சேற்றில் விழுந்தார். பின்னால் வந்த உன் அம்மா குனிந்து ஒரு பார்வை பார்த்தாள், ஏதோ கேட்டாள், பிறகு நிற்காமல் அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

பாப்பா, எனக்குச் சுருக்கென்றது. ஒருவர் டிபன் பாக்ஸை ஒருவர் திறந்து சாப்பிடுகிற சிநேகிதம், நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். வாசலில் நாய்க்குட்டி அடிபட்டால்கூட வேலையை விட்டுவிட்டு ஓடுகிறவள் இப்படிப் போகிறாளே என்று, வெளிநாட்டுக்காரர்கள் நடுவில் எனக்கே அவமானமாக இருந்தது. நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து கையை நீட்டப் போனேன். அந்த அம்மா சேற்றோடு தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கத்தினார். "அண்ணா, கையைக் கிட்ட கொண்டு வராதீங்க, வெளியாள் தொட்டா என்னைப் போட்டியிலேருந்தே தூக்கிடுவாங்க!" நான் திகைத்துப்போய், அவள் இப்படி விட்டுட்டுப் போயிட்டாளே என்று ஏதோ உளறினேன். அதற்கு அவர், "போகச் சொன்னதே நான்தான். தலையில அடிபட்டுச்சான்னு கேட்டா, இல்லன்னேன், போன்னேன். இப்ப அவதான் மூணாவது ஆளு, அது புரியுதா உங்களுக்கு? அவ மட்டும் நின்னிருந்தா ஜென்மத்துக்கும் அவகிட்ட பேசியிருக்க மாட்டேன். இங்க நின்னு என்னை வேடிக்கை பார்க்காம மேட்டுக்குப் போய் அவளைப் பாருங்க!" என்றார்.

குடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். கடைக்குப் போட்டுப் போகும் தோல் செருப்பு, அதில் ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. மேட்டுக்கு நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது உன் அம்மா பாதி ஏறியிருந்தாள். அவள் முகத்தை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாய் திறந்து கிடக்கிறது, நெற்றியெல்லாம் சேறு, கண் இரண்டும் முன்னால் ஏறிக்கொண்டிருந்த பச்சைச் சட்டைக்காரியின் முதுகிலேயே இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தில் நான் பார்க்காதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். இதைப் பார்த்ததில்லை. எனக்கு என்ன வந்ததோ, இத்தனை வருஷமாக ஏம்மா, இந்தாம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அவள் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். அவள் திரும்பவில்லை. ஆனால் மேட்டின் உச்சியில் பச்சைச் சட்டைக்காரி ஒரு கணம் தளர்ந்து நிமிர்ந்தபோது உன் அம்மா அவளைத் தாண்டிவிட்டாள்.

நான் ஒற்றைச் செருப்போடு முடிவுக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது யாரோ அவள் தோளில் போர்வை போர்த்தி, கூடாரத்தைக் காட்டிப் போய் டீ குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் நகரவில்லை. கடைசியாக வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவராக மருந்துக்கடைக்காரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கோட்டைத் தாண்டும்வரை அப்படியே நின்றாள். அவர் வந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், இல்லை, கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் கணுக்காலை அழுத்தி அழுத்திப் பார்த்தாள், எலும்பு முறியலை, சுளுக்குத்தான் என்றாள், அதற்கப்புறம்தான் அழுதாள்.

நம் அணிக்கு மூன்றாம் பரிசு. ஒரே ஒரு இட வித்தியாசத்தில் கிடைத்தது, மேட்டில் உன் அம்மா தாண்டிய அந்த ஒரு ஆள்தான் அந்த வித்தியாசம். மெடல் என்னவோ கணக்கில் வந்த மூன்று பேருக்குத்தான், ஆனால் மருந்துக்கடைக்காரம்மா ஒற்றைக் காலில் மேடையேறி நட்டநடுவில் நின்றுவிட்டார், இறங்கச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. உன் அம்மா தன் மெடலைக் கழற்றி அவர் கழுத்தில் போடப் போனாள். "நீயே வச்சுக்கடி. அடுத்த வருஷம் நீ விழு, நான் தாண்டிப் போய் எனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கறேன்" என்றார். மேடையிலேயே நாலு பேரும் சிரித்த சிரிப்பில் போட்டோகிராபரின் போட்டோ ஆடிப்போய்விட்டது, அதை இதோடு வைத்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது விமானத்தில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, நான் நின்னிருக்கணுமோ என்று கேட்டாள். நீ கேட்டுட்டுத்தானே போன என்று மட்டும் சொன்னேன். என் தோளில் சாய்ந்து, இறங்கும்வரை தூங்கினாள்.

இதையெல்லாம் அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், போனோம் வந்தோம் என்று முடித்திருப்பாள். போட்டிக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் நீ போனில், இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா, முட்டி என்னத்துக்கு ஆகும் என்று கேட்டாய் அல்லவா, உன்மேல் தப்பில்லை, அக்கறையில்தான் கேட்டாய், நானும் அதையேதான் கேட்டேன். ஆனால் அன்றிலிருந்து உன்னிடம் ஓட்டப் பேச்சை எடுக்க அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், குழந்தைக்கு முத்தம் கொடு, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. மூன்று பேரும் நோய்நொடியில்லாமல், மனம்போல நிறைவாக இருக்கவேண்டும் என்று இங்கிருந்தே தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறேன். ஒன்றே ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்காதே. அந்த மேட்டில் எப்படி ஏறினாய் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா