அந்தப் புதன்கிழமையின் நிறம்

இன்று காலை, 'ஆர்' என்ற கணினி மொழியில் நீ எழுதிவைத்த பழைய நிரலைத்தான் ஓட்டினேன். உன் ஊர்க் கரையின் தினசரி மீன்வரத்துக்கு ஒரு கோடு. பின்னணியில் நாளின் வகைக்கேற்ற நிறப்பட்டைகள். காற்று நாளுக்கு நீலம், ஓய்வு நாளுக்கு மஞ்சள், மீன்பிடித் தடைக்காலத்துக்கு இளஞ்சிவப்பு. ஒரு புதன்கிழமை மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. வகை சொல்லாமல் விட்ட நாளுக்கு ஆர் தானாகப் பூசும் நிறம் அது.

"சார், அன்னைக்குக் காத்தும் இல்ல, தடையும் இல்ல. ஆனா வரத்து பூஜ்யம். காத்து நாள்னே போட்டுரட்டுமா? சாயங்காலம் அறிக்கை அனுப்பணும்" என்றாள், உன் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண்.

"கொஞ்சம் பொறும்மா" என்றேன்.

நம் முதல் வரைபடம் நினைவிருக்கிறதா? நான் ஆற்றங்கரை நெல்வயல் ஊர்க்காரன். மீன் வரவில்லை என்றால் கடல் மோசம் என்று முடிவுகட்டி, பூஜ்யம் வந்த நாளையெல்லாம் நீலமாக்கியிருந்தேன். அளவெடுத்தாற்போல் ஏழு நாளுக்கொரு நீலப்பட்டை வந்தது. பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. கடல் வாரம் ஒருமுறை சீறுகிறது என்று அறிக்கையில் ஒரு பத்தியே எழுதிவிட்டேன்.

கூட்டத்துக்கு அரை மணி நேரம் இருக்கையில் நீ எட்டிப் பார்த்தாய். "ஏலே, அது ஞாயித்துக்கிழமைலே! மாதா கோயில் பூசைக்குப் போவாம கடலுக்கா போவாவ?"

சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தப் பத்தியை அழித்து, 'ஓய்வு நாள்' என்று புது வகை சேர்த்து மஞ்சள் பூசிக் கொடுத்தது நீதான். அலுவலகத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிறுதோறும் போன் போட்டு, "என்னலே, இன்னைக்குக் கடல் சீறுதா?" என்று என் மானத்தை வாங்கினாய்.

"பூஜ்யத்தப் பாத்து நீயா கதை கட்டாதலே. ஏன் போவலன்னு கரையில போய்க் கேளு. சாம்பல் கெடந்தா நமக்குத் தெரியலன்னு அர்த்தம்" என்பாய்.

அந்தப் புதன்கிழமை நானும் உன் ஊர்க் கரையில் நின்றேன். காற்றே இல்லை, கடல் அசையாமல் கிடந்தது. ஆனாலும் ஒரு படகுகூட இறங்கவில்லை. நாலு நாள் காய்ச்சலில் போய்விட்ட உன்னை, உன் அண்ணனும் ஊர்க்காரர்களும் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் பின்னால் அழுதுகொண்டே வந்தேன்.

வகைப் பட்டியலில் 'துக்க நாள்' என்று ஒரு வரி சேர்த்தேன். நிறம் என்ன என்று அந்தப் பெண் கேட்டாள். உன் அண்ணன் படகின் பச்சையைச் சொன்னேன். சாம்பல் போய்விட்டது, அறிக்கையும் நேரத்துக்குப் போய்விட்டது.

இப்போதும் ஒரு பூஜ்யத்தைக் கண்டால் கரைக்குப் போய்க் கேட்ட பிறகுதான் நிறம் கொடுக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.