மைனிக்கு எழுதிய இங்கிலீஷ்

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் வக்கீல் ஆபீஸில் ஒரு வாடகை வழக்குக்கு மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். போனில் க்ளேரிடமிருந்து செய்தி. லிங்கேஷ் அண்ணன் அயர்லாந்தில் கட்டிக்கொண்ட பெண், எனக்கு மைனி. அந்தக் கல்யாணத்திலிருந்து அப்பா அண்ணனோடு பேசுவதில்லை. அவளும் எங்களுக்கு எழுதியதில்லை. இன்று எழுதியிருக்கிறாள்: அண்ணன் சைக்கிளில் டியூட்டிக்குப் போகும்போது கார் மோதிவிட்டது, ஆபரேஷன் நடக்கிறது.

உடனே பதில் எழுதினேன். 'ரெஸ்பெக்டட் மேடம், கைண்ட்லி இன்ஃபார்ம் த பிரசன்ட் கண்டிஷன் ஆஃப் த பேஷன்ட்.' பிழை இல்லை என்று பார்த்துத்தான் அனுப்பினேன்.

செப்டம்பர் 3, புதன்

'ஸ்டேபிள்.' அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

அம்மா விடவில்லை. "ஏட்டி, வேற என்ன சொல்லுதா? கண்ணு முழிச்சானாமா?" அப்பா டிவி சத்தத்தை மட்டும் குறைத்தார்.

நான் எழுதியதில்தான் ஏதோ தப்பு. வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்ததோ? சங்கரன்கோவில் கோர்ட்டுக்கு எழுதி எழுதி எனக்கு வேறு இங்கிலீஷே வருவதில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று சிநேகமாக எழுதிப் பார்த்தேன், பேஸ்புக்கில் எல்லோரும் எழுதுகிற மாதிரி. 'ஹாய் டியர், டோன்ட் வொர்ரி, ஆல் வில் பி சூப்பர்.' கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை.

சாயங்காலம் பதில் வந்தது. அண்ணனின் வலது காலை எடுக்க வேண்டியிருக்குமாம். 'கவலைப்படாதே என்று மட்டும் தயவுசெய்து என்னிடம் சொல்லாதே.'

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! புருசன் காலு போகப்போகுதுன்னு ஒருத்தி தவிச்சிட்டு இருக்கா, நான் பொம்மை அனுப்பியிருக்கேனே.

அண்ணன் கால். அம்மாவிடம் எப்படிச் சொல்ல?

செப்டம்பர் 5, வெள்ளி

அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் எழுதவில்லை — பயம்.

செப்டம்பர் 6, சனி

அவளே கூப்பிட்டாள். என் வாயில் 'குட் ஈவினிங் மேடம்' என்றுதான் வந்தது.

அழுதுவிட்டாள். "நான் மேடம் இல்லை. உங்கள் எல்லோருக்கும் என்மேல் கோபமா? அதனால்தான் இப்படி எழுதுகிறாயா?"

எங்கள் ஊரில் அது மரியாதை. அவளுக்கோ முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது போலிருந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஆபீஸ் இங்கிலீஷ் மட்டும்தான், சொந்தக்காரர்களிடம் பேசுகிற இங்கிலீஷ் தெரியாது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: காலை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை.

பக்கத்தில் நின்ற அம்மாவிடம் சொன்னேன்; போனைப் பிடுங்கினாள். "மக்கா, அழாத. நாங்க இருக்கோம்லா."

'நாங்கள் இருக்கிறோம்' என்பதை இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். மக்காவை விட்டுவிட்டேன். அவள் அதைத்தான் கேட்டாள்: முதலில் சொன்னார்களே, அது என்ன?

எந்த இங்கிலீஷில் சொல்ல? 'அம்மா உங்களைத் தன் பிள்ளை என்கிறாள்' என்றேன். 'மக்கா' என்று அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

செப்டம்பர் 25, வியாழன்

அண்ணன் ஊன்றுகோலோடு நிற்கிற படத்தை மைனி அனுப்பியிருந்தாள். அப்பா போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். உடனே திருப்பித் தரவில்லை.

"அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதுதியா?"

"ஆமாப்பா."

"நானும் விசாரிச்சேன்னு போடு."

"எப்படிப்பா போட? ஃபாதர்னா, இல்ல உங்க பேரையா?"

போனை என்னிடம் நீட்டினார்.

"அப்பான்னு போடு."

இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே போட்டேன்.