வாயில் வராத பெயர்

2006 நவம்பர், வியாழன்

சமைக்கும்போதுகூட கனடா மாகாணங்களின் தலைநகரங்களைப் பாடமாக்கினேன். குடியுரிமை நீதிபதி அதிலொன்றையும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டு, கணவரின் பெயர் என்ன என்றார். கேள்வி விளங்கியது. வாய்தான் வரவில்லை. "அவுட்சைட்" என்று கதவைக் காட்டினேன். திரும்பவும் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு ஆங்கிலம் விளங்காதென்று நினைத்திருப்பார், ஏதோ எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மெட்ரோவில் இவர் கத்தினார். "ஏனப்பா, என்ர பேரைச் சொன்னால் நான் செத்தா போவன்?"

போன மாசியில்தான் இவருக்கு இருதய ஒப்பரேசன் நடந்தது. அதை மறந்துவிட்டார்.

இவரும் மகளும் தேறிவிட்டார்கள், குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுப்பார்கள். நான் மட்டும்...

இவர் தூங்கியதும் முதலெழுத்தை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். குறட்டை சட்டென்று நின்றது. ஓடிப்போய் மூக்கடியில் விரலை வைத்தேன். மூச்சு வருகிறது. இனி வேண்டாம்.