நாணயம் விழவில்லை

ரொசாரியோ, வியாழக்கிழமை

அன்பு மகளே,

கோபத்தில்தான் நான் போனை எடுப்பதில்லை என்று நினைத்திருப்பாய். நம் பழைய ஃபால்கன் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒற்றைக் குழல் கார்புரேட்டரே போதும் என்று நான் கத்தியும், நீ இரட்டைக் குழலை மாட்டிவிட்டுத்தான் ஊருக்குப் போனாய்.

இன்று உன் அம்மா வண்டியைக் கிளப்பினாள். கிளம்பவில்லை என்றே நினைத்தேன். கைவைத்துப் பார்த்தபோதுதான் மெல்லிய அதிர்வு தெரிந்தது. ஓடும் எஞ்சினின் மூடிமேல் ஒரு பெசோ நாணயத்தை விளிம்பில் நிறுத்தினேன். மாத்தே தேநீரைக் குடித்து முடிக்கும்வரை விழவில்லை. என் கைபட்ட எஞ்சினில் நாணயம் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

பக்கத்து வீட்டு ஒஸ்வால்தோ என் காதருகே வந்து கத்தினான்: "என்னடா கிழவா, பொண்ணு உன்னைத் தூக்கிச் சாப்பிட்டுட்டாளே!"

"யாரு பொண்ணுடா அவ?" என்றேன்.

ஞாயிறன்று இறைச்சி சுடுகிறேன். போன் செய்யாதே, நேரில் வா. எனக்கு எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி மெதுவாகப் பேசு.

உன்னிடம் தோற்ற,
அப்பா