நெஞ்சு பார்க்கும் வள்ளம்

2009 யூன், செவ்வாய்

கச்சான் காற்று. கதவைத் திறந்தால் கடதாசி பறக்கிறது, மூடினால் வேகிறது. கந்தோர் அறை மின்விசிறி இன்றும் திருத்தவில்லை.

விண்ணப்பம் தொடங்கியாயிற்று. கொழும்பில் ஒரு நிதியம். "இதய நலத்துக்கான புத்தாக்கத் திட்டங்கள்" என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். டொக்டர் சேர் அதை வெட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் சங்கத்தின் தலைவர். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கழுத்திலிருந்து ஸ்டெதஸ்கோப்பை இறக்காத மனிதர். அவர் பேசுவார், நான் எழுதுவேன். சுனாமி எனக்குத் தந்த தொழில் இது. டச்பார்க் கடற்கரையில் வீடு போயிற்று, அம்மா போனா, பறங்கிப் பிள்ளையான எனக்கு அம்மா படிப்பித்த ஆங்கிலம் மட்டும் மிச்சம்.

யோசனை நல்ல யோசனைதான். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒருவருக்கு நெஞ்சு நொந்தால் வாவித் துறைக்கு வரவேண்டும். பாதை என்கிற மிதவை வந்து ஏற்றும்வரை நிற்கவேண்டும். இக்கரையில் இறங்கினால் ஆமிச் சென்றி, சோதனை. பிறகு பஸ். துறையிலேயே முடிந்துபோனவர்கள் உண்டு. ஆகவே ஈசிஜி மெசினை வள்ளத்தில் ஏற்றி நாங்களே வாவியைக் கடந்து போவது.

வள்ளம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு யாரோ வெள்ளைக்காரர் தந்தது. கடலுக்கு ஆகாது, வாவிக்கு ஆகும். ஓட்டுவதற்குப் பாக்கியராசா அண்ணன்.

வாங்க: பிரின்டர் மை, தேயிலை. மின்விசிறிக்காரனுக்கு இன்னொரு போன் கோல்.

யூன், வியாழன்

"ஆபத்துகளும் தவிர்க்கும் வழிகளும்." இந்தப் பகுதிக்குத்தான் எப்போதும் எதுவும் தோன்றாது. பழைய வள்ள விண்ணப்பம் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். எல்லோருக்கும் மிதவை அங்கி. காற்று மழையில் ஓட்டம் இல்லை. ஓட்டுநருக்கு உடற்தகுதிச் சான்றிதழ் கட்டாயம். டொ.சேர் வாசித்துவிட்டு, "பாரமா இருக்கு, நல்லம்" என்றார்.

பாக்கியண்ணன் வாசற்படியில் தேத்தண்ணியோடு.

"என்னைப் பற்றியும் எழுதுறீங்களா மிஸ்?"

"ஓம். திடகாத்திரமான ஓட்டுநர் எண்டு."

"அப்ப சம்பளத்தையும் திடகாத்திரமா எழுதுங்க."

நாவலடி ஆள். முந்தி கடல் தொழில். இரண்டு பெண்பிள்ளைகளையும் கடல் கொண்டுபோன பிறகு கடற்கரைப் பக்கம் போவதில்லை. பஸ்ஸில் கல்லடிப் பாலம் தாண்டும்போதுகூட வாவிப் பக்கம்தான் முகம் வைப்பார் என்று அவர் மனைவி யோகம் அக்கா ஒருமுறை சொன்னா. வாவி வேறு, கடல் வேறு அவருக்கு.

யூலை, திங்கள்

கொழும்பிலிருந்து பதில். முதற் சுற்றில் தேறியாயிற்று. ஆனால் "வள்ளம் புத்தாக்கம் அல்ல" என்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு எல்லோரும் வள்ளம் கேட்டுக் களைத்துவிட்டார்களாம்.

டொ.சேருக்குக் கோபம். "நெஞ்சு நோகிறவனுக்கு ஏன்டாப்பா புத்தாக்கம்?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். பிறகு உட்கார்ந்து புத்தாக்கம் யோசித்தோம். ஈசிஜி கடதாசியைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து டவுனில் இருக்கும் டொக்டருக்கு அனுப்புவது.

"படுவான்கரையில சிக்னல் இல்லையே சேர்."

"வரும். யுத்தம் முடிஞ்சிட்டுத்தானே."

இப்போது எல்லாவற்றையும் இந்த ஒரு வசனத்தில் கொழுவிவிடுகிறார்கள். றோட்டு, கரண்ட், சிக்னல், காணாமற் போனவர்கள். எழுதினேன். நம்பும்படியாகத்தான் எழுதினேன்.

மாமாங்கத் திருவிழாக் கூட்டம். பஸ்ஸில் நின்றே வீடு. செருப்பு வார் அறுந்தது.

யூலை, புதன்

நிதியத்து மேடம் வந்து போனா. கொழும்புத் தமிழ்ப் பெண். என் வயதுதான் இருக்கும், கால்கள் என்னுடையதைவிட இளமை. வள்ளத்தில் ஏற்றி அக்கரைத் துறைக்குக் கொண்டுபோய்ச் செய்துகாட்ட வேண்டும். சென்றியில் நின்ற ஆமிக்காரன் மெசினைத் திறக்கச் சொல்லி வயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். மேடம் சிங்களத்தில் ஏதோ சொல்லச் சிரித்துவிட்டு விட்டான். நாங்கள் சொன்னால் சிரிக்கமாட்டான்.

ஆயத்தம் பண்ணி வைத்த நோயாளி வரவில்லை. வயல் வட்டையில் அறுவடையாம். பெண்கள் நிறைய வந்திருந்தார்கள், ஆனால் மேடத்தின் கமெராவுக்கு முன்னால் யார் சட்டை கழற்றுவது? மேடம் மணிக்கூட்டைப் பார்த்தா. டொ.சேர் வியர்த்தார்.

"பாக்கியராசா, நீ வந்து படு."

"எனக்கென்ன வருத்தம் சேர்?"

"ஒண்டுமில்ல. சும்மா காட்டத்தான்."

சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி வாங்குப் பலகையில் படுத்தார். நான்தான் வயர்களைப் பொருத்தினேன். கூச்சமாக இருக்குது மிஸ் என்றார். கடதாசி வந்தது. டொ.சேர் எடுத்துப் பார்த்தார். இன்னொரு முறை வைக்கச் சொன்னார். மறுபடியும் பார்த்தார். பேசாமல் மடித்துப் பையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மேடத்திடம் ஆங்கிலத்தில் விளக்கினார், விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டு, வகுப்பு எடுப்பதுபோல.

"என்ன சொல்லுறார் மிஸ்?" என்று படுத்தபடியே என்னைக் கேட்டார்.

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "ரியல் கேஸ்! எழும்பாதீங்க, அப்படியே இருங்க." படம், இன்னொரு படம். பிறகு, "சுனாமியில யாரையும் இழந்தீங்களா?"

"ரெண்டு புள்ளையள்."

"ஐயோ," என்றா. அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "இதை முதற்பக்கத்துல போடுங்க. கவலையும் இதயமும். ரொம்ப ஸ்ட்ரோங்."

திரும்பி வரும்போது வள்ளத்தை ஓட்டியது யார்? அவர்தான். வேறு ஆள் ஏது? டொ.சேரும் மேடமும் முன்னால், மட்டக்களப்பில் நல்ல இறால் எங்கே என்ற பேச்சு. நான் பின்னால், அவருக்குப் பக்கத்தில்.

"மிஸ், என்ட நெஞ்சில என்ன?"

"சேர் சொல்லுவார் அண்ணன்."

கரை வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட், திங்கள்

பாக்கியண்ணனைக் கிளினிக்கில் காட்டியாயிற்று. அடைப்பாம். மாரடைப்பு முந்தியே ஒருதரம் வந்து தெரியாமல் போயிருக்கலாமாம். மருந்துக்குக் குளிசை. கொழும்பில் ஒரு சோதனை செய்ய வேண்டும், முறை வரும்போது கூப்பிடுவார்கள். பாரமான வேலை கூடாது. வள்ளம் ஓட்டலாம், அது கையால் திருப்புகிற வேலைதானே என்றார் டொ.சேர்.

முதற்பக்கத்தைத் திருப்பி எழுதினேன். பாக்கியராசா, நாவலடி, இரண்டு பிள்ளைகள், கடல், நெஞ்சு.

"இன்னும் கொஞ்சம் கண்ணீர் வேணும் நொயலின்," என்றார் டொ.சேர்.

சேர்த்தேன். பிள்ளைகளின் பெயர் போட்டேன், சின்னவளின் உடல் பாவாடையோடு அகப்பட்டதைப் போட்டேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு போட்டேன். நன்றாக வந்திருக்கிறது. இதைவிட நன்றாக நான் எதையும் எழுதியதில்லை.

மின்விசிறி ஓடுகிறது. சத்தத்தோடு.

ஓகஸ்ட், வெள்ளி

கிடைத்துவிட்டது!

டொ.சேர் கேக் எடுப்பித்தார். பாக்கியண்ணன்தான் வெட்ட வேண்டும் என்று அவர் கையைப் பிடித்துக் கத்தியைக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினோம். யோகம் அக்காவுக்கு என்று ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகுதான் நிபந்தனைகளை வாசித்தோம். நிதி நோயைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும். சிகிச்சைக்கு அல்ல. போகட்டும், அது எதிர்பார்த்தது. அடுத்தது: ஓட்டுநரின் உடற்தகுதிச் சான்றிதழை அனுப்பினால்தான் முதற் கொடுப்பனவு. "உங்கள் விண்ணப்பத்திலேயே நீங்கள் உறுதியளித்தபடி." பாராட்டுக்கூட எழுதியிருந்தார்கள், மற்ற விண்ணப்பங்களில் இவ்வளவு பொறுப்பைக் காணவில்லை என்று.

டொ.சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க ஒரு சான்றிதழ் குடுக்கலாம்தானே சேர்?"

"அவன்ட ஈசிஜியை அவங்களே படம் எடுத்து வச்சிருக்காங்க. நான் எப்படிக் குடுக்கிறது?"

பிறகு எழும்பிப் போகும்போது, "நீங்க போட்ட விதிதானே. நீங்களே அவனிட்டச் சொல்லுங்க."

செப்டெம்பர், செவ்வாய்

காலையில் கொழும்புக்குக் கோல். மேடம் பொறுமையாகக் கேட்டா. "விதியை நாங்க போடலியே, நீங்க போட்டீங்க. நல்ல விதி. மாத்தினா எல்லாத்தையும் திரும்ப குழுவுக்கு வைக்கணும். வேணுமா?" வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

பத்து மணிபோல் துறைக்குப் போனேன். பாக்கியண்ணன் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"நான் இல்லாட்டி இந்தப் புறொஜெக்ட் வந்திருக்குமா மிஸ்?"

"வந்திராது."

"வந்ததால எனக்கு வேலை இல்ல."

"ஓம்."

"அண்டைக்கு அந்த ஆள் வயல்ல நிக்காம வந்திருந்தா?"

எஞ்சின் துணியைப் பிழிந்து காயப்போட்டார். "மறுகா என்ன, குளிசையைப் போட்டுட்டு வீட்ட இருக்கட்டாமா? வீட்ட இருந்தா எதைத் தின்னுறது எண்டும் அதில எழுதியிருக்கா?"

காவலாளி வேலை கேட்டார். டொ.சேரிடம் கேட்டேன். காவலாளி இருக்கிறாரே என்றார்.

செப்டெம்பர், ஞாயிறு

பூசை முடிந்து மீன் வாங்கக் கல்லடிக் கடற்கரை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் பட்டியைக் கொழுவி, பின்னுக்குச் சாய்ந்து, கயிற்றோடு பின்புறமாக நடக்கும் வரிசை. நடுவில் பாக்கியண்ணன்.

கரைவலை இழுக்கிறவன் கடலைப் பார்த்துத்தான் இழுக்க வேண்டும். வேறு வழியில்லை.

கூப்பிட்டேன். காதில் விழுந்தது, தெரியும். திரும்பவில்லை. வலை கரைக்கு வரும்வரை நின்றேன். மணலில் குந்தியிருந்து மூச்சு வாங்கினார். பக்கத்தில் போனேன்.

"பாரமான வேலை கூடாதெண்டு சேர் சொன்னாரே அண்ணன்."

"பாரமில்லாத வேலையைத்தானே மிஸ் என்னட்டயிருந்து எடுத்தீங்க."

மீன் வாங்கவில்லை. பின்னேரம் டொ.சேருக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். "சொன்னாக் கேக்காதவனுக்கு நான் என்ன செய்யிற?" என்றார். தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது.

செப்டெம்பர், வியாழன்

திறப்பு விழா. வள்ளத்துக்குச் சிவப்பு நிறத்தில் இதயம் கீறியிருக்கிறார்கள், பலாக்கொட்டைபோல. ரிபன், குத்துவிளக்கு, மேடம், ஆமிப் பெரியவர், எல்லோருக்கும் மாலை. புது ஓட்டுநர் தோள் பெருத்த பொடியன், சான்றிதழோடு. பெரிய பனரில் பாக்கியண்ணனின் படம், நெஞ்சில் வயர்களோடு சிரித்தபடி. கீழே, "காலத்தோடு கண்டறிந்தோம், காப்பாற்றினோம்." வசனம் என்னுடையது.

அக்கரைக்கு ஓடினோம். சனம் நிறைய. உண்மையாகவே நெஞ்சு பழுதானவர்கள் அகப்பட்டார்கள். ஒரு கிழவர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு, அதே வள்ளத்தில். வராமல் இருந்திருந்தால் முடிந்திருப்பார். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒக்டோபர், திங்கள்

பாக்கியண்ணன் போய்விட்டார். முற்பகல், வலை பாதி வந்தபோது. பட்டியைக் கழற்றாமலே சாய்ந்தாராம். வலையை விட்டுவிட முடியாது, அதனால் மற்றவர்கள் இழுத்து முடித்துவிட்டுத்தான் ஓட்டோ பிடித்தார்களாம். எங்கள் மெசின் அந்நேரம் அக்கரையில்.

செத்த வீடு. சங்கத்தின் பெயரில் மலர்வளையம். யோகம் அக்கா அழவில்லை. வைக்க ஒரு படம் கேட்டா. வீட்டிலிருந்த படமெல்லாம் கடலோடு போனது, இருப்பது எங்களிடம் உள்ளது மட்டும். ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். வயரை அழித்தால் நெஞ்சும் போய்விடுமாம். "கோட்டும் டையும் போட்டுவிடுறன் மிஸ், வடிவா இருக்கும்," என்றார் ஸ்டூடியோக்காரர். போட்டுவிட்டார். யாரோ வங்கி மனேஜர்போல.

வரும் வழியில் வாகனத்தில் டொ.சேர்: "முதல் அறிக்கையில காப்பாற்றினம் எண்டு போட்டாச்சு, என்ன?"

"ஓம் சேர்."

"அப்ப மாத்தாதீங்க. அந்தத் திகதியில அவன் உயிரோடதானே இருந்தான்."

ஒக்டோபர், வெள்ளி

முதல் மழை. காலையில் இடி. வள்ளம் இக்கரையிலேயே கட்டியிருந்தது, நோயாளிகளை இங்கேயே பார்த்தோம்.

வரிசையில் யோகம் அக்கா. வெள்ளைச் சேலை, தலையில் பொலித்தீன் பை.

"உடம்பு நல்லா இருக்கிறவங்களுக்குத்தான் இஞ்ச வேலையாமே. என்ட நெஞ்சையும் பாருங்க. வள்ளம் கழுவவாவது வைப்பீங்கதானே."

டொ.சேர் தலையசைத்தார், பார்ப்போம் என்பதுபோல. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். திரையை இழுத்துவிட்டு வயர்களைப் பொருத்தினேன். எலும்பும் தோலுமான நெஞ்சு. கடதாசி வந்தது. டொ.சேர் ஒரு தரம்தான் பார்த்தார்.

"ஒரு பழுதுமில்லை அக்கா," என்றேன். "நல்ல நெஞ்சு."

எழும்பவில்லை. கூரையைப் பார்த்தபடியே கிடந்தா.

"மூண்டு பேரைக் குடுத்திட்டுக் கிடக்கிற நெஞ்சு. வடிவாப் பாருங்க மிஸ்."

இன்னொரு தரம் வைத்தேன். பழுதில்லை.