காயம் விசாரிக்க வருகிறவர்கள்

ஜூன் 9
ஹர்ஷிணியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். கையில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல். சரவணம்பட்டியில் லாரி உரசி ஸ்கூட்டர் விழுந்தது. பின்னால் இருந்த அவள் தோழி கிருபா அங்கேயே போய்விட்டாள். என் மகள் பிழைத்தாள். அவசர சிகிச்சைப் பிரிவில் ஜோவிதா என்ற மனநல ஆலோசகர், “கை கூடீருமுங்க சார். மனசுக்கும் ஒருக்கா கூட்டிட்டு வாங்க” என்றார். தலையாட்டி வைத்தேன். கல்யாணம் ஆகவேண்டிய பெண் –

ஜூன் 11
காலையிலிருந்து சொந்தக்காரர்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, “எப்படி கண்ணு ஆச்சு?” என்கிறார்கள். “சொல்லு சாமி” என்று நானும் தூண்டுகிறேன். முதலிலிருந்து சொல்கிறாள். லாரி, சத்தம், கிருபாவின் ஒற்றைச் செருப்பு.

ஜூன் 12
ஹர்ஷிணி சாப்பிடவில்லை.

ஜூன் 14
தாராபுரத்திலிருந்து என் அக்கா பழனியாத்தாள் வந்தார். “நீ தப்பிச்சது சாமி புண்ணியம் கண்ணு. அந்தப் புள்ளைக்குத்தான் விதி முடிஞ்சுபோச்சு.”

ஹர்ஷிணி மெதுவாகச் சொன்னாள்: “நானும் அவகூடவே போயிருக்கோணுமுங்க அத்தை.”

அக்கா காபியைக் கீழே வைத்துவிட்டார். அய்யோ, என்ன பண்ணிப்போட்டேன்? முழங்கால் பொருக்கை உரித்துக்கொண்டே இருந்தால் புண் எப்படி ஆறும் என்று வகுப்பில் பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். இங்கே உரிக்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

ஜோவிதாவை போனில் அழைத்தேன். “சாகோணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க சார். கேட்டா தப்பில்லீங்க. தனியா உட்டுப்போடாதீங்க, இப்பவே கூட்டிட்டு வாங்க.”

கேட்டேன்.

“அப்பப்ப தோணுதுங்கப்பா.”

ஆட்டோவில் அவள் கையைப் பிடித்தபடியே போனேன். டாக்டரும் பார்த்தார். மாத்திரைகள் இனி என் பொறுப்பில்.

ஜூன் 15
கேட்டிலேயே நின்றேன். காரமடைச் சித்தப்பாவை உள்ளே விடவில்லை. “எட்டிப் பாக்கக்கூட உடமாட்டீங்களா வாத்தியாரே? ரொம்ப நல்லாருக்குதுங்க உங்க மரியாதை!” ஆப்பிளோடு திரும்பிப் போனார். வெட்கமாக இருந்தது. நகரவில்லை.

ஜூன் 17
தூங்குகிறாளா என்று நிமிடத்துக்கொரு தரம் எட்டிப் பார்க்கிறேன். மூச்சு வருகிறது. பயம் போகவில்லை.

ஜூன் 19
ஜோவிதாவின் அறைக்குள் போனாள். நான் வெளியே. உள்ளே அழுகை கேட்டது, எழுந்தேன், உட்கார்ந்தேன். வந்ததும் என்ன பேசினாள் என்று கேட்கவில்லை.

“அடுத்து எப்பங்க வாரீங்க?” என்று கவுண்டரில் இருந்த பெண் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹர்ஷிணி சொன்னாள்:

“அடுத்த வியாழக்கிழமை வாரேனுங்க.”